அர்ச்சனைத் தட்டில் என்ன கோத்திரம் சொல்வது?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் செல்லும் புறநகர் மின்ரயில், ஆவடியைக் கடந்ததும் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று நின்று நின்று திருநின்றவூரை அடைகிறது. முடிசூடிய இராமபிரானின் திருநாமத்தைத் தன் பெயராகவே தாங்கியிருக்கும் பட்டாபிராமிலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் பல குடும்பங்கள் இந்த ரயிலில் ஏறித் திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாளைச் சேவிக்கச் செல்வதுண்டு. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம் அது. திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊர் ஆதலால் திருநின்றவூர் என்பது தலபுராணம்.

அங்குள்ள தாயாரின் திருநாமம் வேறெந்தத் தலத்திலும் கேட்டிராதது: 'என்னைப் பெற்ற தாயார்'. பாற்கடலில் தோன்றியவள் திருமகள். ஆகவே சமுத்திரராஜன் அவளுக்குத் தந்தை முறை. கோபித்துக்கொண்டு இங்கே வந்து நின்ற மகளை அழைத்துச் செல்ல வந்த அவன், எத்தனை மன்றாடியும் அவள் இணங்காதபோது, 'என்னைப் பெற்ற தாயே' என்று விளித்து வேண்டினானாம். தந்தையானவன் மகளைத் தாயென்று அழைத்தான். அந்த விளிப்பே அவளுக்குத் திருநாமமாக நிலைத்துவிட்டது.

அந்தத் தாயாரின் சந்நிதி வாசலில், சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி என் அருகில் வந்து அமர்ந்தார். பட்டாபிராமில் குடியிருப்பவர். நான் இத்தகைய பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சற்று நேரம் பிரகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேட்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க. என் பையனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு. குறை அவன்கிட்டதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வேற ஒருத்தருடையதை வச்சுப் பண்ணலாம்னு சொல்றாங்க. பிள்ளையும் சரிங்கிறான், மருமகளும் சரிங்கிறா. எங்க வீட்டுக்காரர்தான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேங்கிறார். எனக்கும் மனசுக்குள்ள ஒண்ணு உறுத்துது. அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு இங்க வந்து தட்டை நீட்டினா, ஐயர் பேர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், கோத்திரம் கேட்பார். நான் என்ன சொல்லட்டும்?"

அன்று என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று மட்டும் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த விசாரணையின் பயன். இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க இயலாமல் தவிக்கும் பெரியோர் இன்னும் எத்தனையோ இல்லங்களில் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அரசமரம் சுற்றியவர்கள்

'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். அந்தப் பழமொழியிலும் மரத்தைச் சுற்றுபவள் பெண்தான். விரதம் இருந்தவள் அவள். தொட்டில் கட்டியவள் அவள். ஊராரின் ஏச்சைத் தாங்கியவளும் அவளே. ஆனால் குழந்தைப் பேறு இல்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கணவன் பக்கத்துக் காரணமும் கலந்திருக்கிறது என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. உலகெங்கும் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் சாபம் என்று ஒதுங்கிப் பேசத் தக்கதன்று.

சில ஆண்களுக்கு விந்தில் உயிரணுக்களே இருப்பதில்லை. நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நிலை உண்டு என்கிறார்கள். அணுக்கள் உற்பத்தியாகியும் வெளிவரும் பாதை அடைபட்டிருப்பது ஒரு வகை. உற்பத்தியே இல்லாதிருப்பது மற்றொரு வகை. பருவமெய்திய பிறகு 'பொன்னுக்கு வீங்கி' கண்டு அது விரைகளைத் தாக்கியிருக்கலாம். சிறுவயதில் விரை கீழிறங்காதிருந்து கவனிக்கப்படாமல் போயிருக்கலாம். புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்வீச்சும் காரணமாகலாம். பிறவியிலேயே மரபணுவில் அமைந்த குறையாகவும் இருக்கலாம். இவற்றுள் எதற்கும் அந்த மனிதனின் ஆண்மையோடோ ஒழுக்கத்தோடோ தொடர்பில்லை. இல்லற வாழ்வு குறைவின்றி நடத்துபவருக்கும் இந்நிலை இருக்கக்கூடும். இதைப் பெற்றோர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பரிசோதனை முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து, அந்த மகன் தன்னைத்தானே சபித்துக்கொண்டு திரிகிறான்.

பிறர் கொடையை நாடுவது மருத்துவத்தின் முதல் வழியன்று. பாதை அடைபட்டிருந்தால் விரையிலிருந்தே நுண்ணிய ஊசியால் அணுக்களை எடுக்கலாம். ஒற்றை அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறை 1992-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்களால் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. அதன் பிறகு, முன்பு தந்தையாக இயலாது என்று கைவிடப்பட்ட பலர் சொந்த உயிரணுவாலேயே தந்தையாகியிருக்கிறார்கள். ஆகவே 'எங்கள் பிள்ளைக்கு அந்த வழி உண்டா?' என்று கேட்டறிவதில் தவறில்லை. அதுவும் இயலாது, அல்லது கடுமையான பரம்பரை நோய் குழந்தைக்குச் செல்லும் என்ற நிலையில்தான் கொடையாளரின் விந்தணு என்ற யோசனை எழுகிறது.

செய்முறையும் பலர் அஞ்சுவது போன்றதன்று. விந்தணு வங்கியில் உறையவைத்துப் பாதுகாத்த அணுக்களை, மனைவியின் கருமுட்டை முதிரும் நாளறிந்து, மெல்லிய குழாய் வழியே கருப்பையில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் முறையே பலித்துவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. பல மாதங்கள் முயல வேண்டியும் வரலாம். கொடையாளர் யாரென்று தம்பதியர் அறியார். தம்பதியர் யாரென்று கொடையாளரும் அறியார்.

மறைத்துச் செய்த காலம்

இது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வில்லியம் பான்கோஸ்ட் என்ற மருத்துவர், குழந்தையற்ற ஒரு வணிகரின் மனைவிக்கு மருத்துவ மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்திக் கருத்தரிக்கச் செய்தார். அந்தப் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, அவளுக்குத் தெரியாமலேயே இதைச் செய்தார்கள். கணவனுக்கும் பிறகுதான் சொன்னார்கள். மனைவிக்கு இறுதிவரை சொல்லவில்லை. அப்போது உடனிருந்த ஒருவர் 1909-ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது. பிள்ளை கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணின் சம்மதமின்றி அவள் வயிற்றில் கரு வைத்த அச்செயலை இன்று எந்த மருத்துவரும் நியாயமென்று சொல்லார்.

நம் நாட்டின் கதை வேறு. 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நவராத்திரி காலத்தை ஒட்டிப் பிறந்ததால் 'துர்கா' என்றே அவளைப் பத்திரிகைகள் அழைத்தன. ஆனால் அன்று அவரை அதிகாரிகளும் சக மருத்துவர்களும் நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மையே என்று உலகம் ஒப்புக்கொண்டது பல்லாண்டுகள் கழித்துத்தான். நம் சென்னையில் 1990-ஆம் ஆண்டு டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உலகுக்கு அளித்தார். இன்று எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையிலேயே கருத்தரிப்பு மையம் இயங்குகிறது. நாம் புதியது என்று அஞ்சும் பலவும் நம் ஊரிலேயே ஒரு தலைமுறையைக் கடந்துவிட்டன.

சட்டம் சொல்லும் விடை

மூதாட்டியின் கேள்விக்கு முதலில் நாட்டின் சட்டத்தைப் புரட்டினேன். 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம்' 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரியோரின் ஐயங்கள் பலவற்றுக்கு அதில் நேரடியான விடைகள் உள்ளன.

'நாளைக்கு அந்த மனிதர் வந்து, என் பிள்ளை என்று உரிமை கேட்டால்?' என்பது முதல் அச்சம். கேட்க இயலாது. கொடையாளர் தம் பெற்றோர் உரிமை அனைத்தையும் துறந்தவர் ஆகிறார். குழந்தை, சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். இயல்பாய்ப் பிறந்த குழந்தைக்கு உள்ள உரிமைகள் யாவும், சொத்துரிமை உட்பட, அதற்கு உண்டு.

'ஒரே ஆளின் குழந்தைகள் பல வீடுகளில் வளர்ந்து, தெரியாமல் அண்ணனுக்கும் தங்கைக்கும் திருமணமாகிவிட்டால்?' என்பது அடுத்த அச்சம். சகோத்திரத் திருமணத்தைத் தவிர்க்கும் நம் மரபில் வந்தோர்க்கு இது இயல்பாகவே எழும். ஒரு கொடையாளரின் அணுவை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கக்கூடாது என்று சட்டம் கட்டளையிட்டுள்ளது.

'நோயாளியா, குடிகாரனா, யாரோ?' என்பது மூன்றாவது. 21 வயது முதல் 55 வயது வரை உள்ள ஆண்களிடமிருந்து மட்டுமே பெறலாம். பதிவு பெற்ற வங்கிகள் மட்டுமே பெறலாம். எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்கான சோதனைகள் கட்டாயம். விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும். தம்பதியரின் வேண்டுகோளின்படி மருத்துவ அவசரத்துக்காகவோ, நீதிமன்ற ஆணையின் பேரிலோ மட்டுமே அவற்றை வெளியிடலாம்.

'வெளியாள் எதற்கு? தம்பியே கொடுக்கட்டுமே, வம்சம் மாறாதே' என்று சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தில் பிறக்கும் யோசனைதான். ஆனால் கணவன் அல்லது மனைவியின் உறவினரோ, அறிமுகமான நண்பரோ விந்தணுக் கொடையாளராக இருத்தல் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரே பந்தியில் அமர வேண்டிய சித்தப்பன், மனத்துக்குள் தந்தையாகவும் இருந்தால் அந்த வீட்டில் யாருக்கு நிம்மதி? பெயரறியாத கொடையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. ஏட்டை மீறுவோரும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை விற்கச் செய்த கொடுமை வெளிவந்து தமிழகமே அதிர்ந்தது நினைவிருக்கும். ஆகவே மருத்துவமனையும் வங்கியும் இச்சட்டத்தின்படி பதிவு பெற்றவைதாமா என்று கேட்டறிவது தம்பதியரின் உரிமை. ஆண் குழந்தைதான் வேண்டும் என்று கேட்பதும், அப்படித் தருகிறோம் என்று சொல்வதும் குற்றம்.

நம் திருச்சியில் நடந்த ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. கணவரிடமிருந்து மணவிலக்குப் பெற்ற ஒரு பெண், பெயரறியாத கொடையாளரின் விந்தணுவால் கருவுற்று 2017-ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அவருக்குச் சிகிச்சைக் காலத்தில் துணையாயிருந்த ஒருவரின் பெயரை மாநகராட்சியார் பிறப்புச் சான்றிதழில் தந்தையென்று எழுதிவிட்டனர். அதை நீக்க மறுத்தனர். தாய் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். தந்தை பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுச் சான்றிதழ் வழங்கும்படி 2018-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. எவரோ ஒருவரைத் தந்தையென்று எழுதி வைப்பதைவிட, உண்மையை உள்ளபடி விடுவதே குழந்தைக்கு நன்மை. தம்பதியராய் வாழ்வோர்க்கு அந்த இடமும் வெறுமையாக இராது. கணவரின் பெயரே அங்கே சட்டப்படி எழுதப்படும்.

இதிகாசம் சொல்லும் விடை

சட்டம் சொத்தைப் பற்றிச் சொல்லும். சான்றிதழைப் பற்றிச் சொல்லும். ஆனால் மூதாட்டி கேட்டது கோத்திரத்தைப் பற்றி. அதற்கு நம் இதிகாசத்தைத்தான் நாட வேண்டும்.

மகாபாரதத்தின் வேரே இந்தக் கேள்விதான். விசித்திரவீரியன் பிள்ளையின்றி மாண்டான். குலம் அற்றுப் போகுமே என்று கலங்கிய சத்தியவதி, தன் மூத்த மகனான வியாசரை அழைத்தாள். மருமகள் அம்பிகையிடம், இரவில் உன் மைத்துனன் வருவான் என்று சொன்னாளேயன்றி, வருபவர் இன்னார் என்று விளக்கவில்லை. சடை முடியும் உக்கிர விழிகளுமாக வந்த முனிவரைக் கண்டு அம்பிகை அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டாள். திருதராஷ்டிரன் பார்வையின்றிப் பிறந்தான். அம்பாலிகை வெளிறினாள். பாண்டு வெளிறிய மேனியுடன் பிறந்தான். மனமுவந்து முனிவரை வரவேற்ற பணிப்பெண்ணுக்கோ தருமமே வடிவான விதுரர் பிறந்தார். மாமியாரின் ஆணைக்காக, மனம் ஒப்பாமல், முழுதும் அறியாமல் ஒரு பெண் தாயாகக் கூடாது என்பதை வியாசர் தம் குலத்தின் கதையாலேயே உணர்த்தியிருக்கிறார். கணவன் மனைவி இருவரும் எல்லாம் அறிந்து எழுத்தில் சம்மதம் தந்தாலன்றிச் சிகிச்சை கூடாது என்று இன்றைய சட்டம் சொல்வதும் அதுவே.

அடுத்த தலைமுறையில் பாண்டு, முனிவரின் சாபத்தால் தந்தையாகும் பேற்றை இழந்தான். அவனே குந்தியை வேண்டினான். தர்மதேவன், வாயு, இந்திரன் ஆகியோரின் அருளால் மூவரைப் பெற்றாள். பாண்டு இன்னும் வேண்டுமென்றபோது, போதும் என்று மறுக்கும் உரிமையும் குந்திக்கு இருந்தது. அசுவினி தேவர்களின் அருளால் மாத்ரி இருவரைப் பெற்றாள். இந்த ஐவரையும் உலகம் என்னவென்று அழைத்தது? பாண்டவர் என்றே அழைத்தது. பாண்டுவுக்கு நீர்க்கடன் செய்தவர்களும் அவர்களே. சதசிருங்க மலையிலிருந்து முனிவர்கள் அப்பிள்ளைகளை அஸ்தினாபுரத்துக்கு அழைத்து வந்தபோது, மூத்தவரான பீஷ்மர் அவர்களை அணைத்து ஏற்றுக்கொண்டார். பாட்டனார் ஏற்றதனால்தான் பேரர்களுக்கு வீடு கிடைத்தது.

கர்ணனின் கதை இதன் மறுபக்கம். அவனைப் பெற்றவள் மறைத்தாள். ஆயுதப் பயிற்சி அரங்கில் 'உன் தந்தை யார்?' என்ற கேள்வி அவனைத் தலைகுனிய வைத்தது. பின்னாளில் கண்ணபிரான் அவனுடைய பிறப்பை வெளிப்படுத்தி, பாண்டவருள் மூத்தவனாக வா என்று அழைத்தபோது, கர்ணன் தேரோட்டி அதிரதனையும் ராதையையும் விட்டு வர மறுத்தான். தனக்காகப் பால் சுரந்து, தன் மலஜலத்தைத் துடைத்து வளர்த்தவளுக்குச் சேர வேண்டிய பிண்டத்தைத் தன்னைப் போன்றவன் எப்படித் தடுப்பான் என்று அவன் கேட்டதாக வியாசர் பாடுகிறார். பிண்டம் யாருக்கு உரியது என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

தர்மசாஸ்திரங்கள் மகன்களைப் பன்னிரு வகையாகக் கூறும். வயிற்றில் பிறந்தவன் ஔரசன். கணவனுக்காக மற்றொருவரால் பெறப்பட்டவன் க்ஷேத்ரஜன். தத்தெடுக்கப்பட்டவன் தத்தன். தத்துப் புத்திரன் தன்னைப் பெற்றவரின் கோத்திரத்தை விட்டு, ஏற்றவரின் கோத்திரத்தைப் பெற்று, அவருக்கே பிண்டமிட வேண்டும் என்பது மனு ஸ்மிருதியின் தீர்ப்பு. அந்த முறையில் எத்தனையோ குலங்கள் நம்மிடையே தழைத்திருக்கின்றன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். க்ஷேத்ரஜனைப் பெறும் நியோகம் என்னும் முறையை மனு ஓரிடத்தில் கூறி, மற்றோரிடத்தில் கண்டிக்கிறார். கலியுகத்தில் கூடாதவற்றுள் அதையும் பிற்கால நூல்கள் சேர்த்தன. அதனால் கொடையாளர் வழிப் பிள்ளைப் பேற்றை ஏற்காத ஆசாரியர்களும் உண்டு. ஆனால் நியோகம் என்பது ஓர் ஆணும் பெண்ணும் கூடுவது. இதிலோ பெண்ணை அயலான் பார்ப்பதும் இல்லை, தொடுவதும் இல்லை. சாஸ்திரகாரர்கள் காணாத ஒன்றுக்கு அவர்களின் விதியையோ விலக்கையோ அப்படியே பொருத்துவது கடினம். ஐயமுள்ளோர் தங்கள் குல ஆசாரியரைக் கேட்டு நடக்கலாம். கேட்கும்போது இந்த வேறுபாட்டையும் எடுத்துச் சொல்லிக் கேட்பது நல்லது.

திருமழிசையில் ஒரு வயோதிகத் தம்பதி

பட்டாபிராமுக்கு வெகு தூரத்தில் இல்லாத திருமழிசைக்கும் ஒரு கதை உண்டு. பார்க்கவ முனிவருக்கு உருவம் நிறையாத பிண்டமாகப் பிறந்து, புதர் அடியில் விடப்பட்ட குழந்தை, இறையருளால் உயிரும் வடிவும் பெற்று அழுதது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் என்பவர் எடுத்துச் சென்று, பிள்ளையில்லாத தம் மனைவி பங்கயச்செல்வியின் கையில் கொடுத்தார். அந்தக் குழந்தைதான் திருமழிசையாழ்வார். அவர் உண்டு மீந்த பாலை அருந்திய வயோதிகத் தம்பதியர் இளமை மீண்டு கணிகண்ணனைப் பெற்றனர் என்றும் குருபரம்பரை சொல்லும். இன்று பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் ஆழ்வாரை எந்த ஊரார் என்கிறார்கள்? அவரை வளர்த்த மழிசையார் என்கிறார்கள்.

வில்லிபுத்தூரில் துளசி மண்ணில் கண்டெடுத்தவளைப் பெரியாழ்வார் தம் மகள் என்றே அரங்கனுக்குக் கொடுத்தார். ஏர்முனையில் கிடைத்தவளை உலகம் ஜானகி என்றே வணங்குகிறது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்ற நம் முன்னோர், பிள்ளையின் மூலத்தையும் அத்துடன் சேர்த்திருக்கலாம்.

பெரியவர்கள் செய்யத் தக்கவை

இதில் முடிவெடுக்கும் உரிமை கணவன் மனைவி இருவருக்கே உண்டு. 'சீக்கிரம் செய்து கொள்ளுங்கள்' என்று நெருக்குவதும், 'வேண்டவே வேண்டாம்' என்று தடுப்பதும் சத்தியவதி செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். தத்தெடுப்பதும் அவர்களுக்கு முன்னுள்ள நல்ல வழிதான். குழந்தையின்றி ஒருவருக்கொருவர் துணையாய் வாழ்வதும் அப்படியே. மூன்றில் எதை அவர்கள் தேர்ந்தாலும் நம் முகம் மாறாதிருக்க வேண்டும்.

அவர்கள் நம்மை நம்பிச் சொன்னால், அது நம்மோடு நிற்கட்டும். கல்யாண வீட்டிலும் கோயில் பிரகாரத்திலும் அது பேச்சாகிவிட்டால், பிறக்கப்போகும் குழந்தையின் காதில் ஒரு நாள் பிறர் வாயிலாக விழும். அந்தக் குழந்தைக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பது பெற்றோரின் பொறுப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சூசன் கோலொம்போக், இவ்வாறு பிறந்தவர்களின் குடும்பங்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார். இக்குடும்பங்கள் மற்றக் குடும்பங்களைப் போலவே நலமாக இருந்தன என்றும், ஏழு வயதுக்குள் அன்போடு உண்மை சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயோடு நல்ல உறவும், அவர்களின் தாய்மாருக்கு நல்ல மனநலமும் அமைந்திருந்தன என்றும் கண்டார். கர்ணனுக்குப் போர்க்களத்தின் விளிம்பில் சொன்னதால் விளைந்ததை நாம் அறிவோம்.

'யார் சாயல்?' என்ற கேள்வியையும் தவிர்க்கலாம். தொட்டிலைச் சுற்றி நின்று மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று ஆராய்வது நம் வழக்கம். அந்த வேளையில் தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். நடையும் பேச்சும் சிரிப்பும் சாமி கும்பிடும் விதமும் கூடவே வளர்ந்தவரிடமிருந்தே பிள்ளைக்கு வருகின்றன.

பூசலார் கட்டிய கோயில்

திருநின்றவூரில் பெருமாள் கோயிலுடன் இருதயாலீஸ்வரர் கோயிலும் உண்டு. பூசலார் நாயனாரின் ஊர் அது. கோயில் கட்டப் பொருள் தேடிக் கிடைக்காத அந்த ஏழை அடியார், மனத்துக்குள்ளேயே அடித்தளம் இட்டு, கல் சேர்த்து, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. ஈசன் மன்னன் கனவில் தோன்றி, பூசலாரின் ஆலயத்துக்கு நாளை செல்கிறோம், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். கல்லும் பொன்னும் தர இயலாதவன் கட்டிய கோயிலையும் இறைவன் கோயிலென்றே ஏற்றான். தந்தையாக ஏங்கும் மகனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குப் பூசலார் நினைவுக்கு வருகிறார்.

இவ்வளவையும் அந்த மூதாட்டியிடம் ஒரு வெள்ளிக்கிழமை அமர்ந்து சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட அந்தக் கர்ணன் கதையை மட்டும் சொல்றேன் தம்பி. அவருக்குப் பாரதம்னா உசிரு" என்றார்.

சில வாரங்கள் கழித்து அவரைக் கணவருடன் தாயார் சந்நிதியில் கண்டேன். எண்பதை நெருங்கும் பெரியவர். தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். பெரியவர் மகனின் பெயரைச் சொன்னார். மருமகளின் பெயரைச் சொன்னார். கோத்திரம் கேட்டபோது, தம் குலத்தின் கோத்திரத்தை உரக்கச் சொன்னார். பிறகு, "மூணு பேருக்கும் சேர்த்துப் பண்ணுங்க" என்றார்.

"ரெண்டு பேர்தானே சொன்னீங்க?" என்றார் அர்ச்சகர்.

"மூணாவது பேரு இனிமேதான் வைக்கணும் சாமி" என்றார் பெரியவர். மூதாட்டி தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிகிச்சை பலிக்குமா, எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் அவள் கையில். பிள்ளை வரம் வேண்டி நிற்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் என்னைப் பெற்ற தாயார் அருள் புரிவாளாக.